பினாங்கு வீட்டில் இன்குபேட்டர்: சூட்டை நிலையாக வைப்பது எப்படி

முட்டையை அடைக்கு வைத்துக் குஞ்சு பொரிக்க உதவும் இன்குபேட்டர் பெட்டி பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. பெட்டியைச் சுற்றிப் போர்வை போடு, பெரிய பல்பாக மாட்டு, தண்ணீர்த் தட்டு காயவே கூடாது என்பார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. பினாங்கில் பகலில் வீட்டுக்குள்ளேயே 30, 31 டிகிரி நிற்கிறது. கோழி முட்டைக்கு வேண்டியது 37.5 டிகிரி செல்சியஸ். நாம் ஏற்ற வேண்டியது ஏழு டிகிரி அளவுதான். அதனால் இங்கே குளிருக்குப் பயப்படுவதைவிட, சூடு மிஞ்சிப் போகாமல் பார்ப்பதுதான் முதல் வேலை. கீழே சொல்லும் எல்லாமே இதை ஒட்டித்தான்.

எந்த எண்ணைப் பிடிப்பது?

உள்ளே சிறு காற்றாடி சுழலும் பெட்டியானால் 37.5. காற்றாடி இல்லாத பெட்டியானால், முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.3 முதல் 38.9 வரை. இந்த வித்தியாசம் ஏன் என்று பலர் குழம்புகிறார்கள். காற்று அசையாத பெட்டியில் சூடு மேலே போய்த் தங்கும். முட்டையின் உச்சியில் 38.5 இருக்கும்போது அடிப்பக்கம் ஓரிரு டிகிரி குறைவாகவே இருக்கும். நடுவில் உள்ள கருவுக்குச் சரியான சூடு கிடைக்க, மேலே கொஞ்சம் கூட்டி வைக்கிறோம். காற்றாடி இருந்தால் மேலும் கீழும் ஒன்றே. முதன்முறை செய்பவர் காற்றாடி உள்ள பெட்டியையே எடுங்கள். பாதித் தலைவலி போய்விடும்.

வாத்து, காடை முட்டைகளுக்கும் இதே 37.5தான், நாள் கணக்குதான் மாறும். கோழிக்கு 21 நாள், காடைக்கு 17, 18, வாத்துக்கு 28, செராத்தி (மஸ்கோவி) வாத்துக்கு 35. கிளந்தான் வழி வந்த செராமாக் கோழி சின்ன இனம் என்பதால் ஓரிரு நாள் முன்னாலேயே பொரித்துவிடும்.

37.2க்கும் 37.8க்கும் இடையில் ஆடினால் கவலை வேண்டாம். கீழே இறங்குவதும் மேலே ஏறுவதும் ஒன்றல்ல என்பதை மட்டும் மறக்காதீர்கள். அடைக்கோழியே தினமும் இரை எடுக்க எழுந்து போகிறது. முட்டை சற்று ஆறினால் கரு தாங்கிக்கொள்ளும். 39.5க்கு மேல் சில மணி நேரம் நின்றால் தாங்காது. எல்லா நாளும் கொஞ்சம் குறைவாகவே ஓடினால் குஞ்சு தாமதமாக, வயிறு பெருத்துச் சோம்பலாக வரும். கொஞ்சம் அதிகமாகவே ஓடினால் குறித்த நாளுக்கு முன்பே, சின்னதாக, தொப்புள் மூடாமல் வரும். குஞ்சு வந்த நாளைப் பார்த்தே உங்கள் பெட்டி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று சொல்லிவிடலாம்.

முதலில் இடம்

பெட்டி வாங்கும் முன் வீட்டில் இடம் பாருங்கள். பலர் இதைக் கடைசியில் செய்கிறார்கள். இன்குபேட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. அறை 35 டிகிரிக்குப் போய்விட்டால், பல்பு அணைந்த பிறகும் பெட்டிக்குள் சூடு எளிதில் இறங்காது.

தெரஸ் வீடானால் பின்கட்டுச் சமையலறை வேண்டவே வேண்டாம். தகரக் கூரை போட்டு நீட்டிய இடம் மதியம் கொதிக்கும்; மழை பெய்ததும் சட்டென்று ஆறும். மேற்குச் சுவரை ஒட்டிய அறையும் அப்படித்தான்: மதியத்துக்கு மேல் வெயில் சுவரில் ஏறி, மாலை ஆறு ஏழு மணிக்கு உள்ளே இறங்கும். நல்ல இடம் வீட்டின் நடுவில் இருக்கிறது. மாடிப்படிக்கு அடியில் சாமான் போட்டு வைக்கும் மூலை பெரும்பாலும் மிகச் சரியான இடம். அங்கே ஜன்னல் இல்லை, வெயில் இல்லை, இரவுக்கும் பகலுக்கும் இரண்டு மூன்று டிகிரிதான் வித்தியாசம்.

ஃபிளாட்டில் இருப்பவர்கள் படுக்கையறையில் வைக்கிறார்கள். இரவு ஏர்கோன் ஓடும் அறையானால் வேறு இடம் பாருங்கள். பகலில் 31, இரவில் 22 என்று அறை மாறினால் சூட்டைப் பார்த்துப் பல்பைப் போட்டு அணைக்கும் தெர்மோஸ்டாட் எதுவானாலும் அதற்கு வேலை கடினம். அதோடு ஏர்கோன் காற்று வறண்டது. அதன் விளைவைக் கீழே தண்ணீர் பற்றிய பகுதியில் சொல்கிறேன். கூரைக் காற்றாடிக்கு நேர் கீழேயும் வைக்காதீர்கள். பெட்டியின் மூச்சுத் துளைகள் வழியாகக் காற்று உள்ளே புகுந்துகொண்டே இருக்கும்.

மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர் உள்ள கிண்ணங்களில் நிறுத்துங்கள். இது சூட்டுக்காக அல்ல, எறும்புக்காக. ஓட்டை உடைக்கும் குஞ்சை எறும்பு மொய்த்துவிட்டால் வேறு எதைச் சரியாகச் செய்திருந்தும் பயனில்லை.

பெட்டியும் பல்பும்

ஷாப்பி, லசாடா இணையக் கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் பெட்டி வாங்கினால் இந்தப் பகுதியை மேலோட்டமாகப் பார்த்தால் போதும். அவை பெரும்பாலும் 38 டிகிரி என்று அமைத்தே வருகின்றன. அதைச் சரிபார்க்கும் வழி பின்னால் வருகிறது.

சொந்தமாகச் செய்பவர்களுக்கு, பாசாரில் மீன்கடைக்காரர்கள் தூக்கிப் போடும் பொலிஸ்டைரீன் பெட்டியே போதும். நன்றாகக் கழுவி வெயிலில் காய வையுங்கள். சுவர் கனமாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மூடியில் சின்னக் கண்ணாடி பதித்தால் திறக்காமலே உள்ளே பார்க்கலாம்.

பல்பு எத்தனை வாட்? 50 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு மீன்பெட்டி, அறைக்கும் உள்ளுக்கும் எட்டு டிகிரி வித்தியாசம் இருக்கையில், சுமார் 10 வாட் அளவுக்குத்தான் சூட்டை இழக்கும். மூச்சுத் துளை, தண்ணீர் ஆவியாவது எல்லாம் சேர்த்தாலும் கொஞ்சம்தான் கூடும். இதற்கு 60 வாட் பல்பு மாட்டினால், தெர்மோஸ்டாட் அணைத்த பிறகும் கண்ணாடியில் தேங்கிய சூடு பெட்டியை மேலும் ஒரு டிகிரி தள்ளும். எண் மேலும் கீழும் குதிப்பதற்கு இதுதான் வழக்கமான காரணம். 15 வாட் பல்பு இரண்டைப் பக்கத்துக்கு ஒன்றாக மாட்டுங்கள். ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றது ஓரளவு காப்பாற்றும்.

எல்இடி பல்பு இதற்கு உதவாது, அதில் சூடு போதாது. பழைய குண்டு பல்பு கிடைப்பது அரிதாகிவிட்டதால் ஓவனுக்குள் போடும் சின்ன பல்பைக் கேட்டுப் பாருங்கள். ஊர்வன வளர்ப்பவர்களுக்கு விற்கும் பீங்கான் ஹீட்டரும் நல்லது. வெளிச்சம் இல்லாமல் சூடு மட்டும் தரும். ஆனால் வாட் குறைவானதாகப் பார்த்து வாங்குங்கள். எதுவானாலும் பொலிஸ்டைரீன் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும்; அந்தப் பெட்டி உருகும், தீயும் பிடிக்கும். சுற்றிலும் கம்பிவலை போட்டால் குஞ்சு போய் ஒட்டாது.

கணினியில் இருக்கும் 12 வோல்ட் காற்றாடி ஒன்று உள்ளே வேண்டும். காற்று பல்பைத் தாண்டிச் சுவரில் பட்டுச் சுற்றி வரட்டும். முட்டைமேல் நேராக அடித்தால் ஒரு பக்க முட்டைகள் மட்டும் காயும்.

தெர்மோஸ்டாட்

இங்கே அதிகம் பேர் வாங்குவது இரண்டு: டபிள்யூ 1209 என்னும் 12 வோல்ட் சிறு பலகை, எஸ்டிசி 1000 என்னும் வீட்டு மின்சாரத்தில் நேராக ஓடும் பெட்டி. புதியவர்களுக்கு இரண்டாவதையே சொல்வேன். முதலாவது மலிவு, ஆனால் பலகையின் அடியில் மின்தடங்கள் திறந்தே கிடக்கும். பல்புக்குப் போகும் 240 வோல்ட் அதன் வழியாகத்தான் ஓடுகிறது. ஈரமான பெட்டிக்குப் பக்கத்தில் இப்படி ஒன்றை வெறுமனே தொங்கவிடக் கூடாது; தனி பிளாஸ்டிக் உறைக்குள் மூடி வையுங்கள். வயர் வேலை தெரியாதென்றால் தெரிந்த வயர்மேனைக் கூப்பிட்டுக் கூலி கொடுத்துச் செய்யுங்கள். பிளக்கும் வயரும் சிரிம் (மலேசியத் தரச்சான்று) முத்திரை உள்ளவையாக இருக்கட்டும்.

அமைக்கும்போது மூன்றைப் பாருங்கள். சூடாக்கும் முறையில் இருக்கிறதா? டபிள்யூ 1209 குளிர்விக்கும் முறைக்கும் பயன்படுவது. அந்த முறையில் விட்டால் சூடு ஏற ஏறப் பல்பு எரிந்துகொண்டே இருக்கும். அடுத்தது இடைவெளி, அதாவது எத்தனை டிகிரி இறங்கிய பிறகு மறுபடி பல்பு போடும் என்பது. 2 டிகிரி இடைவெளியில் விட்டால் பெட்டி 35.5க்கும் 38க்கும் இடையில் ஊஞ்சலாடும். 0.3 வையுங்கள். 0.1 வைத்தால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும்; பல்பைப் போட்டு அணைக்கும் ரிலே என்னும் உள்சுவிட்ச் ஓயாமல் அடித்துக்கொண்டு சீக்கிரம் தேயும்.

மூன்றாவது, சூட்டை அளக்கும் சென்சாரை வைக்கும் இடம். முட்டைகளின் மேல்மட்ட உயரத்தில், நடுவில், எதையும் தொடாமல் தொங்கட்டும். பல்பு அதை நேராகப் பார்க்கக் கூடாது. மூடிக்கு அருகில் வைத்தால் மேலே தேங்கும் சூட்டைப் பார்த்துப் பல்பை அணைத்துவிடும். கீழே முட்டை ஆறிக்கொண்டிருக்கும்.

ரிலே கெடும்போது சில சமயம் அதன் முனைகள் ஒட்டிக்கொள்ளும். பல்பு அணையவே அணையாது. இரவில் இப்படி நடந்தால் காலையில் மிச்சம் இருப்பது அவித்த முட்டை. இதற்கு ஒரே நல்ல வழி இரண்டாவது தெர்மோஸ்டாட். அதை 38.5இல் அமைத்து, பல்புக்குப் போகும் அதே வயரில் முதலாவதுக்குப் பிறகு தொடராக இணையுங்கள். முதலாவது ஒட்டிக்கொண்டால் இரண்டாவது துண்டிக்கும். சில பத்து ரிங்கிட் செலவுக்கு இதைவிட நல்ல காவல் கிடையாது. குறைந்த வாட் பல்பின் இன்னொரு லாபமும் இங்கேதான்: ஒட்டிக்கொண்டாலும் சூடு மெதுவாகவே ஏறும், நீங்கள் கவனிக்க நேரம் கிடைக்கும்.

காட்டும் எண்ணை நம்பலாமா?

நம்பக் கூடாது. மலிவு சென்சார்கள் ஒரு டிகிரி தவறாகக் காட்டுவது சாதாரணம், இங்கே ஒரு டிகிரிதான் வாழ்வும் சாவும். ஃபார்மசியில் விற்கும் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் 37 டிகிரிப் பக்கம் நன்றாக அளக்கும். மனித உடம்புக்காகவே செய்தது. ஃபிளாஸ்க்கில் 38 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, காய்ச்சல் தெர்மாமீட்டரின் முனையையும் சென்சாரையும் பக்கத்தில் பக்கத்தில் முக்குங்கள். கலக்கிவிட்டு ஓரிரு நிமிடம் கழித்துப் படியுங்கள். சென்சார் 0.6 அதிகம் காட்டினால், தெர்மோஸ்டாட்டில் திருத்தும் வசதி வழியாக 0.6 கழியுங்கள். ஐஸ் தண்ணீரில் 0 பார்க்கும் வழியும் உண்டு. ஆனால் 0இல் சரியாகக் காட்டும் கருவி 37இல் தவறலாம். எங்கே வேலையோ அங்கே அளப்பதே மேல்.

பெட்டிக்குள் இன்னொரு அளவும் வேண்டும். சின்ன மருந்துக் குப்பியில் தண்ணீர் நிரப்பி, தனி தெர்மாமீட்டரின் முனையை அதில் விட்டு, முட்டைகளோடு படுக்க வையுங்கள். காற்றின் எண் நிமிடத்துக்கு நிமிடம் ஆடும். குப்பியின் எண் ஏறக்குறைய முட்டைக்குள் நடப்பதைச் சொல்லும், அது நிதானமாகவே நகரும். இதைப் பார்க்கப் பழகினால், திரையில் 37.9 வந்ததும் பதறி ஓடும் வழக்கம் போய்விடும்.

முட்டை வைக்கும் முன்

ஒரு முழுப் பகலும் இரவும் முட்டை இல்லாமல் ஓட்டுங்கள். உள்ளே அரை லிட்டர் தண்ணீர் போத்தல் இரண்டு படுத்திருக்கட்டும். அவை சூட்டைத் தேக்கி, பல்பு அணைந்து எரிவதன் ஆட்டத்தைக் குறைக்கும். முட்டை வைத்த பிறகும் இடமிருந்தால் எடுக்க வேண்டாம். 24 முட்டைப் பெட்டியில் ஆறு முட்டை வைப்பவர்களுக்கு இவை கட்டாயம். மதியம் மூன்று மணி, இரவு பத்து, விடியற்காலை ஐந்து என்று மூன்று வேளையும் குப்பியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றும் அரை டிகிரிக்குள் இருந்தால் பெட்டி தயார். மதியம் மட்டும் ஏறுகிறதென்றால் தெர்மோஸ்டாட்டைத் தொடாதீர்கள், இடத்தை மாற்றுங்கள்.

முட்டையைப் பொறுத்தவரை இரண்டே குறிப்பு. சூப்பர்மார்க்கெட் முட்டை பொரிக்காது, சேவல் இருக்கும் கூட்டிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். நம் ஊர் வெக்கையில் முட்டையை அதிக நாள் சேர்த்து வைக்கவும் முடியாது. 30 டிகிரியில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, பிறகு செத்துவிடும். வீட்டில் குளிர்ச்சியான இடத்தில் வைத்தாலும் நான்கைந்து நாளுக்குள் அடைக்கு வைத்துவிடுங்கள்.

வைத்த நாள்

முட்டைகளை அடுக்கி மூடியதும் எண் 34, 35க்கு விழும். இங்கேதான் புதியவர்களின் கை பரபரக்கும். தெர்மோஸ்டாட்டை ஏற்றாதீர்கள். அத்தனை முட்டையும் சூடேற மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். நீங்கள் 39க்கு ஏற்றிவிட்டுத் தூங்கினால் நடுராத்திரியில் அது 39க்கே போய் நிற்கும். சோதனை ஓட்டத்தில் சரியாக ஓடிய பெட்டி இப்போதும் தானே வந்து சேரும்.

நாள் கணக்கை வைத்த நாளிலிருந்து அல்ல, 24 மணி நேரம் முடிந்ததிலிருந்து ஒன்று என்று தொடங்குங்கள். முட்டைகளைக் கையால் திருப்புபவர்கள் நாளுக்கு மூன்று அல்லது ஐந்து முறை, 18ஆம் நாள் வரை. ஏழாம் நாள் இரவு டார்ச் அடித்துப் பார்த்துக் கூமுட்டைகளை எடுத்துவிடலாம். பத்து நிமிடம் மூடி திறந்திருந்தாலும் நம் அறைச் சூட்டில் ஒன்றும் ஆகாது. நடுவில் புது முட்டை சேர்க்கும் ஆசையை மட்டும் அடக்குங்கள்.

தண்ணீர், சூட்டின் பங்காளி

முதல் 18 நாள்களுக்கு 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம் வேண்டும். 30 டிகிரியில் 75 விழுக்காடு ஈரம் உள்ள நம் வீட்டுக் காற்று, 37.5க்குச் சூடானதும் தானாகவே 50 விழுக்காடு அளவுக்கு வந்துவிடும். ஆகவே பினாங்கில் சாதாரண அறையில் முதல் 18 நாள் தட்டில் தண்ணீரே இல்லாமல்கூட ஓட்டலாம். கையேட்டைப் படித்துவிட்டு இரண்டு தட்டும் நிரப்பினால் முட்டையிலிருந்து ஈரம் வெளியேறாமல், கடைசியில் குஞ்சு உள்ளேயே மூழ்கிச் சாகும். ஏர்கோன் அறைக் கணக்கு நேர்மாறு: 24 டிகிரி, 55 விழுக்காடு காற்று, பெட்டிக்குள் 25 விழுக்காட்டுக்கு வறண்டுபோகும். வடக்கே ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைந்த மாதங்களிலும் ஈரமானியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைச் சரிபார்க்கச் சமையலறைத் தராசு போதும். 18ஆம் நாளுக்குள் முட்டை தன் எடையில் 12, 13 விழுக்காடு இழந்திருக்க வேண்டும். 50 கிராம் முட்டையென்றால் 44 கிராம் பக்கம்.

தண்ணீர் ஊற்றும்போது பைப்புத் தண்ணீரை அப்படியே ஊற்றாமல் வெதுவெதுப்பாக்கி ஊற்றுங்கள். ஆவியாகும் தண்ணீரும் சூட்டை உறிஞ்சும்; தட்டை நிரப்பிய நாள் எண் சற்று ஆடினால் காரணம் அதுதான்.

இரண்டாம் வாரத்துக்குப் பிறகு

இதுவரை சூடு வாங்கிக்கொண்டிருந்த முட்டை இனிச் சூடு கொடுக்கத் தொடங்கும். கரு பெரிதாகப் பெரிதாக அதன் உடற்சூடும் கூடி, முட்டைக்குள் காற்றைவிடச் சூடு ஏறும். பெட்டி நிறைய முட்டை இருந்தால் இது நன்றாகத் தெரியும்: பல்பு எரியும் நேரம் குறையும், மதிய எண் கூடும். தண்ணீர்க் குப்பி இதைக் காட்டாது, அதற்குள் உயிர் இல்லை. 14ஆம் நாளிலிருந்து மூச்சுத் துளைகளை முழுதாகத் திறந்துவிடுங்கள். மதியத்தில் 38ஐத் தாண்டினால் அமைப்பை 37.2க்கு இறக்கலாம். சூடு தங்கட்டும் என்று துளையை அடைப்பது இந்தக் கட்டத்தில் செய்யக்கூடாத வேலை, குஞ்சுக்கு மூச்சுக் காற்று அதிகம் தேவைப்படும் நேரம் இதுதான்.

இடியும் மின்வெட்டும்

அடைக்கு வைக்கும் கூடையில் கரித்துண்டு, வற்றல் மிளகாய், ஓர் இரும்பு ஆணி போடுவது தோட்டத்துப் பாட்டிகளின் வழக்கம், இடி விழுந்தால் முட்டை கெடுமாம். இன்குபேட்டர் விஷயத்தில் பாட்டி பயந்தது சரிதான்: பெரிய இடிக்கு வீட்டு மின்பெட்டியில் சுவிட்ச் டிரிப் ஆகும், வீட்டில் ஆள் இல்லையென்றால் மாலைவரை அப்படியே கிடக்கும். வெளியே போகும் நாளில் பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியும், எந்தச் சுவிட்சைத் தூக்க வேண்டும் என்ற விவரமும் இருக்கட்டும்.

மின்சாரம் போனால் மூடியைத் திறக்காதீர்கள். முதல் இரண்டு வாரத்தில் பெட்டிமேல் தடித்த துண்டு போர்த்தலாம். நீண்ட நேரம் ஆகும்போல் தெரிந்தால், 40 டிகிரித் தண்ணீர் நிரப்பிய போத்தல்களை முட்டையைத் தொடாமல் உள்ளே வையுங்கள். இந்த ஊரில் முட்டை ஆறினாலும் 28, 29 டிகிரிக்குக் கீழே போகாது. இரண்டு மூன்று மணி நேர வெட்டு பொரிப்பைச் சற்றுத் தள்ளிப்போடும், அவ்வளவே. மூன்றாம் வாரத்தில் போர்த்தவே வேண்டாம். குஞ்சுகளின் சொந்தச் சூடு கொஞ்ச நேரம் தாங்கும். காற்றாடி நின்ற பெட்டியில் அவற்றுக்குக் காற்றுதான் முக்கியம்.

பொரிக்கும் நாள்கள்

18ஆம் நாள் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65, 70க்கு ஏற்றுங்கள். தட்டின் ஆழம் உதவாது, பரப்புதான் வேண்டும். நனைத்த ஸ்பாஞ்சு ஒன்றிரண்டு வைத்தால் போதும். ஓட்டில் விரிசல் விட்ட பிறகு மூடியைத் திறந்தால் ஈரமும் சூடும் ஒன்றாக வெளியேறும், சவ்வு காய்ந்து குஞ்சைப் பிடித்துக்கொள்ளும். விரிசலிலிருந்து வெளியே வர 12 மணி நேரம், சில சமயம் ஒரு முழு நாள்கூட ஆகலாம். உதவி செய்கிறேன் என்று ஓட்டை உரிக்க வேண்டாம்.

குஞ்சுகள் வெளியே வந்து நடமாடும்போது எண் ஏறி இறங்கும். அதைத் துரத்தாதீர்கள். முதல் குஞ்சு வந்து 24 மணி நேரம் வரை, அவை உலரும் மட்டும், உள்ளேயே இருக்கலாம். மஞ்சள்கரு இன்னும் வயிற்றில் இருப்பதால் பசிக்காது. பிறகு வளர்ப்புப் பெட்டிக்கு மாற்றுங்கள். முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி, அதன் பின் வாரத்துக்கு மூன்று டிகிரி குறைவாக. நம் ஊர்ப் பகலுக்கு மூலையில் ஒரு சின்ன பல்பு போதும். குஞ்சுகள் பல்பை விட்டு ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அதையும் அணைத்துவிட்டு, இரவில் மழை பெய்யும்போது போடுங்கள்.